தயிர்சாதத்தில் சொட்டு மருந்து

கல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆயா சென்டர் இருந்தது. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அங்கே சொல்லி வைத்தால் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவார்கள். பெயர்தான் ஆயா சென்டர், ஆண்களும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த ஆண்களில் ஒருவன்.

எனக்குச் சாத்தூர் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. லாரிக் கிளீனராக விஜயவாடா போனேன், கரக்பூரில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினேன், பிறகு கல்கத்தாவில் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு வேலை. ஒரு இடத்தில் கால் தரிக்காது எனக்கு. அந்த நர்சிங் ஹோமில் மனநோயாளிகளுக்கென்று ஒரு மாடி இருந்தது. அங்கே கற்றுக்கொண்ட ஒரே தொழில் ஆளைப் பிடிப்பது. மணிக்கட்டைப் பிடிக்கணும், விரலைப் பிடிக்கக்கூடாது. தொடைமேல் முழங்காலை வைக்கணும், வயிற்றில் வைக்கக்கூடாது. ஊசி போட்டு முடித்ததும் உடனே விடக்கூடாது. இதெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து வருவதுதான்.

சென்டரை நடத்திய தீதி, அதாவது அக்கா, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். "ஒரு மதராஜி வீடு. தமிழ் பேசற ஆள்தான் வேணுமாம். பையனுக்குத் தலையில் கொஞ்சம் கோண்டோகோல்" என்றாள். கோண்டோகோல் என்றால் வங்காளத்தில் குழப்பம், கலாட்டா எல்லாம்தான். பேருந்து வராவிட்டாலும் கோண்டோகோல், அண்ணன் தம்பி சொத்துக்கு அடித்துக்கொண்டாலும் கோண்டோகோல்.

பையன் என்றதும் இருபது வயது என்று நினைத்துப் போனேன். கதவைத் திறந்தவருக்கு நாற்பது இருக்கும். நெற்றி ஏறிய தலை, கட்டம் போட்ட லுங்கி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க வார்டன். அம்மா, ஜெயிலுக்கு ஆள் வந்தாச்சு!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் வார்டன். நான் அவரை சார் என்று கூப்பிட்டேன். அவர் அம்மாவை மாமி என்று. மாமியின் கணவர் துறைமுக ஆபீஸில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பாமல் இந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டை வாங்கி, அதிலேயே செத்தும் போனார். சார் பேங்கில் ஆபீசராக இருந்து, உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டவர். வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

என்ன உடம்பு என்பதை மாமி முதல் வாரமே சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து அவருக்குப் பேச்சுக் கேட்கும். பேங்கில் கூட வேலை பார்த்தவர்கள் உள்ளே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு வேலை கிடைப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால், அவர்களை விரட்டுவதற்காகத் தொட்டிக்குள் ஃபினாயிலைக் கொட்டிவிட்டார். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் குடிக்கும் தண்ணீர். கீழ் வீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. நர்சிங் ஹோமிலிருந்து நாலு பேர் வந்து, கூடத்தில் அவரைக் குப்புறப் போட்டு, லுங்கியோடு சேர்த்து ஊசி போட்டுத் தூக்கிப் போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்தவர் மாத்திரையைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"வாயைத் திறக்க மாட்டேங்கறான். திறந்தா கத்தறதுக்குத்தான் திறக்கறான்" என்றார் மாமி.

அதனால் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. மாமி அதைத் தயிர்சாதத்தில் விட்டார். சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டாம் என்பவர்கூடக் கடைசியில் தயிர்சாதம் வேண்டாம் என்று சொல்வதில்லை. சமையலறையிலேயே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பிசைந்து, இஞ்சி, கடுகு தாளித்து, மூடி எடுத்து வருவார். "நீ பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பா" என்று என்னிடம் சொல்லி வைத்தார். சரி என்றேன். நர்சிங் ஹோமில் பார்த்ததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

மருந்து வேலை செய்தது. நான் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அவர் தூக்கம் நேரானது. சவரம் செய்துகொண்டார். காலையில் ஏரிப் பக்கம் நடக்கக் கிளம்பினார், நான் பின்னால். லேக் மார்க்கெட்டில் மாமி சொன்ன முருங்கைக்காயை அவரே பேரம் பேசி வாங்கினார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு எனக்கு உலக நடப்பு சொல்வார். நான் கேட்பேன். நன்றாகத்தான் சொல்வார்.

அதில்தான் ஒரு சிக்கல் வந்தது. தான் மருந்தில்லாமல் குணமாகிவிட்டதாக அவர் நம்பினார்.

"பார்த்தியா வார்டன்? ஒரு மாத்திரை இல்லை. எல்லாம் இங்கே இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "அந்த டாக்டர் ஆயுசு முழுக்க மருந்துன்னான். ஃபிராடு."

மாமி சமையலறையிலிருந்து, "ஆமாண்டா, ரொம்ப சமத்து நீ" என்பார். குரலில் சந்தோஷம்தான் இருக்கும். ஆனால் வெளியே வரமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்குத் தட்டு போடுவது எப்போதும் அடுக்களை வாசலில். தட்டும் டம்ளரும் தனி, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். எனக்கு அது புதுசு இல்லை, அதை விடத் தூரத்தில் உட்கார்ந்தும் சாப்பிட்டிருக்கிறேன். அன்று சாருக்கு நல்ல மனநிலை. மாமி கொண்டு வந்து வைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வார்டன், இன்னிக்கு மாங்காய் போட்டுப் பிசைஞ்சிருக்கா அம்மா. இந்தா, பாதி உனக்கு."

என் தட்டில் போடக் கை வைத்ததும் மாமி ஓடி வந்தார். "ஐயோ, அது வேண்டாம்! அதை அவனுக்குப் போடாதே!" கிண்ணத்தைப் பிடுங்கியே விட்டார்.

சார் அப்படியே நின்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏன், அவன் தட்டு பட்டா உன் கிண்ணம் தீட்டாயிடுமா?"

மாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த ஊர்ல வந்து அம்பது வருஷம் ஆச்சு. இன்னும் அக்ரஹாரத்துலேயே உட்கார்ந்திண்டிருக்கே. என் காலேஜ்ல இதுக்காக நான் போஸ்டர் ஒட்டியிருக்கேன், தெரியுமா? என் வீட்லேயே இப்படி!"

"நான் அப்படித்தாண்டா" என்றார் மாமி மெதுவாக. "எனக்கு ஆசாரம் ஜாஸ்தி. வயசாயிடுத்து, மாத்திக்க முடியலே."

என் தட்டு தனியாக இருந்தது நிஜம், அதனால் மாமி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அன்று அவர் பிடுங்கியது அதற்காக இல்லை என்று எனக்கும் அவருக்கும் தெரியும். மகன் திட்டத் திட்ட, சாதி வெறி என்ற பெயரை வாங்கிக்கொண்டு நின்றார். மருந்தின் பெயரைச் சொல்லவில்லை.

சார் சும்மா விடுகிறவர் இல்லை. அன்று ராத்திரியிலிருந்து எனக்கும் மேஜையில்தான் சாப்பாடு. கிண்ணத்தைத் தானே வாங்கி, தயிர்சாதத்தைச் சரிபாதியாகப் பிரித்து எனக்கு ஒரு பாதி, தனக்கு ஒரு பாதி. நான் எடுத்து வாயில் வைத்தால்தான் அவர் சாப்பிடுவார். "சாப்பிடு வார்டன். புரட்சி!" என்பார்.

மறுநாள் மாமி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். அதுவரை அந்த வாசலை நான் தாண்டியதில்லை.

"பாதி உனக்குப் போயிடறதே. ரெண்டு மடங்கா விட்டாத்தான் அவனுக்குச் சரியா இருக்கும். உனக்கு ஒண்ணும் ஆகாதே? ஆகும்னா சொல்லிடு, வேற ஏதாவது வழி பார்க்கறேன்."

"விடுங்க மாமி. நான் கல்லைத் தின்னாலும் செரிக்கிறவன்."

வேறு வழி என்ன இருந்தது? மருந்து நின்றால் மறுபடி தொட்டி, மறுபடி அந்த நாலு பேர். அல்லது போலீஸ். கீழ் வீட்டுக்காரர்கள் அதை அப்போதே சொல்லி வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் எனக்கு வாய் குழறியது. மூன்றாம் நாள் மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கழுத்து இடது பக்கமாகத் திரும்பியது. நான் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது. தாடை இழுத்துக்கொண்டது. கண் மேலே போய்ச் செருகியது. பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். மாமி பார்த்துவிட்டு, "ஐயோ, பக்கவாதம்! பக்கவாதம்!" என்று கத்தினார்.

சார் வந்தார். என் தாடையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பயப்படவில்லை.

"பக்கவாதம் இல்லை. எனக்கு இது வந்திருக்கு. அந்த ஊசிக்கு மறுநாள்."

உள்ளே போய்ப் பழைய மருந்துப் பெட்டியைக் குடைந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கொண்டு வந்தார். என் முன்னால் நீட்டினார். "இது அதை முறிக்கறது. கொஞ்சம் வாய் உலரும், வேற ஒண்ணும் பண்ணாது. போட்டுக்கறியா, வேண்டாமா?"

தலையை ஆட்ட முடியவில்லை. வாயைத் திறந்தேன். தண்ணீரை அவரே புகட்டினார். சற்று நேரத்தில் கழுத்து தளர்ந்தது. அதுவரை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு எழுந்து மாமியிடம் போனார்.

"தயிர்சாதத்திலயா?"

மாமி தலையசைத்தார்.

"எத்தனை நாளா?"

"நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம், மாத்திரை வேண்டாம்னு துப்பினியே, அதுலேர்ந்து."

"இவனுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் சாப்பிட்டானா?"

"தெரியும். அவனைக் கேட்டுண்டுதான் விட்டேன்."

"அவனைக் கேட்டே. என்னை?"

மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "உன்னைக் கேட்டா வேண்டாம்னுடுவே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

அவர் பாத்திரத்தை வீசுவார், அடிப்பார் என்று நான் தயாராக நின்றேன். ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ இவ்வளவு நாளா பேப்பர் படிச்சதெல்லாம் யாரு? நானா, அந்தச் சொட்டா?" என்று கேட்டார்.

"நீதாண்டா படிச்சே. சொட்டுக்கு எழுத்துத் தெரியுமா?" என்றார் மாமி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார். "இனிமே எனக்கு எது பண்றதா இருந்தாலும் என் மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டுப் பண்ணு."

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். ஆனா சொல்லணும்."

மாமி சரி என்றார். மருந்து புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து அவர் கண்முன்னால் மேஜையில் வைத்தார். அது அங்கேயே ஊறுகாய் ஜாடி பக்கத்தில் இருந்தது. அவர் தொடவில்லை. மாமியும் தொடவில்லை.

வீட்டுச் சாப்பாட்டை அவர் நிறுத்திவிட்டார். உரிக்காத வாழைப்பழம், தெருமுனையில் வாங்கும் பொரி, கடைக்காரன் காகிதம் கட்டித் தரும் சட்டித் தயிர். வங்காளிகளின் இனிப்புத் தயிரைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் மனிதர், அதைச் சட்டி சட்டியாகச் சாப்பிட்டார். மாமி தினமும் அவருக்கும் சேர்த்தே சமைத்தார். அவர் பங்கை நான் சாப்பிட்டேன்.

பூஜை விடுமுறைவரை நன்றாக இருந்தார். பந்தல் பந்தலாகப் போய்ப் பார்த்தோம். மருந்து இல்லாமலே இப்படியே இருந்துவிடுவார் என்று எனக்கே தோன்றியது. மாமி என்னைவிட அதிகமாக நம்பினார். குளிர் தொடங்கியதும் தூக்கம் போயிற்று. பேப்பர் மடித்தபடியே கிடந்தது. மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியில் காதை வைத்து நிற்க ஆரம்பித்தார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "மாஷிமா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா இன்னொரு தடவை அவர் தொட்டி மூடியைத் திறந்தா நாங்க தானாவுக்குத்தான் போவோம்" என்றார். தானா என்றால் போலீஸ் ஸ்டேஷன்.

அவர் மூடியைத் திறக்கவில்லை. வேறொன்று செய்தார். அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார். குளிப்பதும் இல்லை. தெருவில் இளநீர் மட்டும் குடித்தார். பிறகு இளநீர்க்காரனும் தொட்டிக்காரர்களின் ஆள் என்று அதையும் விட்டார். உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது.

எனக்கு அப்போது கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். அந்தப் புட்டியை மேஜையில் வைக்காமல் இருந்திருந்தால் இவர் இப்போது முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் பேரம் பேசுகிற அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருப்பார். எது தேவலை என்று இன்றுவரை எனக்கு ஒரு முடிவும் இல்லை. படித்தவர்கள் யாராவது சொல்லக்கூடும். நான் பார்த்த டாக்டர்கள் இரண்டு விதமாகவும் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் மாமி மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். முழங்கால் வலியால் அவர் அங்கே வருவதே இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் சார் குந்தியிருந்தார். மாமி மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நின்றார்.

"நாளைக்குக் காலம்பற உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போகப் போறேன்."

"வரமாட்டேன்."

"தெரியும். உன்னைக் கேக்க வரலே. சொல்ல வந்தேன்."

அவர் தொட்டியைப் பார்த்தார். "அந்த நாலு பேரா?"

"இல்லே. நானும் இவனும்தான்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "வார்டன், பிடிப்பியா?"

"ஓடினா பிடிப்பேன் சார்."

"ஓடலேன்னா?"

"சும்மா பக்கத்துல வருவேன்."

காலையில் அவர் மொட்டை மாடியில்தான் இருந்தார். தொட்டிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் விரல் விரலாக எடுத்தேன். திமிறினார், என் உதட்டில் ஒரு அடி விழுந்தது, ரத்தம் வந்தது. உடம்பில் எடையே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துப் படியிறக்கினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். மாமி முன்னால் இறங்கிக்கொண்டே, "உள்ளே போங்கோ, எல்லாரும் உள்ளே போங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார். அவர்களுக்குப் புரிந்தது.

டாக்ஸியில் அவர் நடுவில், நான் ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம். கடியாஹாட் சிக்னலில் வண்டி நின்றது. "கையை விடு வார்டன். வலிக்கறது" என்றார். நான் மாமியைப் பார்த்தேன். சிக்னல் போட்டிருந்தது, கதவுக்குப் பூட்டு சரியில்லை.

"விட்டுடு" என்றார் மாமி.

விட்டேன். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கி ஓடவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். அவசரத்தில் இருந்தார், ஆனால் நல்ல மாதிரி. சாரிடம் வங்காளத்தில், அண்ணனைக் கூப்பிடும் மரியாதையோடு, "தாதா, நீங்களே விரும்பி வந்ததா ஒரு கையெழுத்துப் போடுங்க, இப்பவே படுக்கை தரேன். இல்லைன்னா அம்மா தனியா மனு எழுதணும், இன்னொரு டாக்டரும் வந்து பார்த்துச் சொல்லணும். ரொம்ப நேரமாகும்" என்றார்.

சாருக்குக் குரலே எழும்பவில்லை. "நான் விரும்பி வரலை."

"அது எனக்குத் தெரியும் தாதா. சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான். எல்லாரும் போடறதுதான்."

"நான் போடமாட்டேன்."

டாக்டர் மாமியைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்களேன் என்பதுபோல. மாமிக்கு வங்காளம் நன்றாகவே தெரியும்.

"அவனுக்கு இஷ்டமில்லைப்பா. நான்தான் கொண்டு வந்திருக்கேன். அப்படியே எழுது. நேரமானா ஆகட்டும்."

நேரம் ஆகத்தான் செய்தது. இரண்டாவது டாக்டர் வேறொரு வார்டிலிருந்து வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் குழாயடியில் உதட்டைக் கழுவிக்கொண்டு வந்தேன். மாமி கைப்பிடி வைத்த பையைத் திறந்து பார்த்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். சார் சுவரைப் பார்த்தபடி இருந்தார். இடையில் ஒருமுறை, "என்ன எழுதியிருக்கான்னு படிச்சுக் காட்டச் சொல்லு" என்றார். இளம் டாக்டர் படித்துக் காட்டினார். நோயாளி மறுக்கிறார், தாயார் கேட்டுக்கொண்டதன் பேரில் சேர்க்கப்படுகிறார். சார் தலையசைத்தார். சம்மதம் என்று இல்லை, எழுதியிருப்பது சரிதான் என்று. மாமி அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

நர்ஸ் டிரேயோடு வந்தாள். பின்னால் பிடிப்பதற்கு இரண்டு ஆட்கள். அவர்கள் நிற்கும் விதத்திலேயே எனக்கு அவர்களைத் தெரியும், நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மாமி கையைக் காட்டி அவர்களை அங்கேயே நிறுத்தினார். சார் கையை நீட்டவில்லை, மடியில் அப்படியே வைத்திருந்தார்.

"இப்போ ஊசி போடப் போறாடா. இடது கையில" என்று சொல்லிவிட்டு, மாமியே அவர் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டார்.